சென்னையில் ரயில் பிடிப்பது: எந்த ஸ்டேஷன், எந்த டிக்கெட், எவ்வளவு நேரம் முன்னால்

நேரத்துக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பியும் சென்னையில் ரயிலைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் போய் நின்ற ஸ்டேஷன் வேறு, வண்டி கிளம்பிய ஸ்டேஷன் வேறு. மற்ற ஊர்களில் ‘எத்தனை மணி வண்டி?’ என்பது முதல் கேள்வி. சென்னையில் அது இரண்டாவது கேள்விதான். ‘எந்த ஸ்டேஷன்?’ என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால், மீதியெல்லாம் சின்னச் சின்ன விவரங்கள்.

முதல் வேலை: டிக்கெட்டில் உள்ள குறியீட்டைப் படிப்பது

முன்பதிவு டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு, மூன்று எழுத்துக் குறியீடு இருக்கும். சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ்., எழும்பூருக்கு எம்.எஸ்., கடற்கரை ஸ்டேஷனுக்கு எம்.எஸ்.பி., தாம்பரத்துக்கு டி.பி.எம்., பெரம்பூருக்கு பி.இ.ஆர். முதல் மூன்றும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் சிக்கல். அவசரத்தில் எம்.எஸ். என்பதை எம்.ஏ.எஸ். என்று படித்துவிட்டு, மூட்டை முடிச்சோடு சென்ட்ரலில் போய் இறங்குகிறவர்களை ஆட்டோக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஐ.ஆர்.சி.டி.சி.யில் ‘சென்னை’ என்று தேடினால் எல்லா ஸ்டேஷன் வண்டிகளும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். நேரத்தையும் காலி இடத்தையும் மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாமல், புறப்படும் ஸ்டேஷன் பெயரை வாய்விட்டே ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலின் முழுப்பெயர் 2019-லிருந்து புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். சென்ட்ரல். செயலியில் ‘எம்ஜிஆர் சென்னை சென்ட்ரல்’ என்று வரும். புதுப் பெயரைப் பார்த்து வேறு ஸ்டேஷனோ என்று குழம்ப வேண்டாம்.

இன்னொன்று: எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தற்காலிகமாகத் தாம்பரத்திலிருந்து விடுவதும், திரும்ப எழும்பூருக்கே கொண்டுவருவதும் நடக்கிறது. டிக்கெட் எடுத்த நாளில் எழும்பூர் என்று இருந்த வண்டி, பயண நாளில் அங்கிருந்து கிளம்பாமல் போகலாம். ரயில்வே அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். கிளம்பும் நாள் காலையில், வண்டிகளின் நிலவரம் காட்டும் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், அல்லது ரயில்வே விசாரணை எண் 139-க்குப் போன் செய்யுங்கள்.

எந்த ஊருக்கு எங்கே ஏறுவது

பொது விதி எளிது. தெற்கே போகிறவர்களுக்கு எழும்பூர், மேற்கேயும் வடக்கேயும் போகிறவர்களுக்கு சென்ட்ரல். இந்தப் பிரிவினை நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டும் இரண்டு கம்பெனிகளின் சொத்து. சென்ட்ரல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயினுடையது, அகலப்பாதை. எழும்பூர் சவுத் இந்தியன் ரயில்வேயினுடையது, மீட்டர் கேஜ். 1,676 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் வண்டி 1,000 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் எப்படி ஓடும்? அதனால் இரண்டு கூட்டமும் இரண்டு வாசலில் பிரிந்தே நின்றன. மீட்டர் கேஜ் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், தூத்துக்குடி, நெல்லை, செங்கோட்டை, நாகர்கோவில், கன்னியாகுமரி: எழும்பூர் பக்கம். பாண்டியன், வைகை, மலைக்கோட்டை, பொதிகை, முத்துநகர், நெல்லை எக்ஸ்பிரஸ்கள் இந்த வகை. கோவை, ஈரோடு, மேட்டுப்பாளையம், பெங்களூரு, மைசூரு, திருப்பதி, மும்பை, டெல்லி, ஹவுரா: சென்ட்ரல். சேரன், நீலகிரி, ஏற்காடு, சப்தகிரி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கோரமண்டல் இந்த வகை. வந்தே பாரத்துக்கும் இதே கணக்குதான். கோவை வண்டி சென்ட்ரலில், நெல்லை, நாகர்கோவில் வண்டிகள் எழும்பூர்ப் பக்கம்.

ஆட்கள் மாட்டிக்கொள்வது விதிவிலக்குகளில். சேலத்துக்குப் பெரும்பாலான வண்டிகள் சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் போகும். ஆனால் எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாகவும் ஒரு சேலம் எக்ஸ்பிரஸ் உண்டு. திருவனந்தபுரம் மெயில் சென்ட்ரலில். நாகர்கோவில் வழியாக அதே ஊருக்குப் போகும் அனந்தபுரி எழும்பூர் வண்டி. மங்களூர் மெயில் சென்ட்ரலில், திருச்சி வழியாகப் போகும் மங்களூர் எக்ஸ்பிரஸ் எழும்பூரில். ஹைதராபாத் போகும் சார்மினார், வடக்கே போகிற வண்டியாக இருந்தும் தாம்பரத்தில் கிளம்பி எழும்பூர் வழியாகப் போகிறது. ஆகவே திசையை வைத்து ஊகிக்கலாம், முடிவு செய்யக் கூடாது.

பெரம்பூரை மறந்துவிடாதீர்கள். சென்ட்ரலுக்குள் வராமலேயே நகரத்தைத் தாண்டிப் போகும் நெடுந்தூர வண்டிகள் பல பெரம்பூரில்தான் நிற்கும். நள்ளிரவு வண்டி என்றால், அங்கே போகவும் வரவும் என்ன வழி என்று முன்பே யோசித்துவையுங்கள்.

சென்ட்ரல்: படி இல்லை, நடை உண்டு

1873-ல் ஜார்ஜ் ஹார்டிங் வரைபடத்தில் எழுந்த கட்டடம். மணிக்கூண்டு உள்ளிட்ட அலங்காரங்கள் பிறகு ராபர்ட் சிஷோம் சேர்த்தவை. பயணிக்குத் தேவையான விஷயம், இது முட்டு ஸ்டேஷன் என்பது. தண்டவாளம் இங்கேயே முடிந்துவிடும். எனவே எந்த பிளாட்பாரத்துக்கும் படி ஏறி இறங்க வேண்டியதில்லை. முன்கூடத்திலிருந்து நேராகச் சமதரையில் நடந்து போய்விடலாம். வயதானவர்கள், சக்கர நாற்காலி, கைக்குழந்தை என்றால் இது பெரிய நிம்மதி.

அதற்குப் பதிலாக நடை நீளம். இப்போதைய புதுவகைப் பெட்டியான எல்.எச்.பி. பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டி என்றால் 500 மீட்டருக்கு மேல். புறப்படும் வண்டியில் இன்ஜின் தூரத்துக் கோடியில் இருக்கும், முன்கூடத்துக்குப் பக்கத்தில் இருப்பவை வண்டியின் கடைசிப் பெட்டிகள். உங்கள் பெட்டி இன்ஜினை ஒட்டியது என்றால், சாமான்களோடு அந்த நீளம் முழுவதையும் நடக்க வேண்டும். இதற்கு மட்டும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பெட்டி வரிசையை என்.டி.இ.எஸ். செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பேட்டரி கார் கிடைக்கும் என்று நம்பிக் கடைசி நேரத்தில் வராதீர்கள். போர்ட்டர் வேண்டுமென்றால், சாமானைத் தூக்குவதற்கு முன்பே கூலியைப் பேசி முடித்துவிடுங்கள்.

பிளாட்பாரங்கள் 1 முதல் 11 வரை, நடுவில் ஒரு 2ஏ. இந்த 2ஏ குட்டை பிளாட்பாரம். பெட்டி குறைவான வண்டிகள் அங்கே நிற்கும். ‘இரண்டில் வண்டியே இல்லையே’ என்று தேடுகிறவர்கள் பலகையில் ஏ எழுத்தைக் கவனிக்காதவர்கள்.

லோக்கல் வண்டிகள் பிரதானக் கட்டடத்தில் இல்லை. பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்தில் இருக்கின்றன. 1985-ல் தீயில் அழிந்த பழைய மூர் மார்க்கெட் நின்ற இடம் அது. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கமும், கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை பக்கமும் போகிற புறநகர் வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்பும்.

வரும்போது ஒரு நுணுக்கம். சென்ட்ரலுக்கு வரும் வண்டிகள் பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் பிளாட்பாரம் காலியாவதற்காகக் காத்து நிற்பது வழக்கம். வண்டி ஊருக்குள் வந்துவிட்டது என்று மொத்தக் கூட்டமும் வாசலில் வந்து நின்றபின், அங்கே கால் மணி நேரம் ஓடிவிடும். அம்பத்தூர், ஆவடி, வில்லிவாக்கம் பக்கம் வீடு இருந்தால், உங்கள் வண்டி ஆவடியிலோ பெரம்பூரிலோ நிற்கிறதா என்று பார்த்து அங்கேயே இறங்கி லோக்கல் பிடியுங்கள். சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வருவது வெட்டி அலைச்சல்.

எழும்பூரும் தாம்பரமும்

எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல் திறந்தது. ஹென்றி இர்வின் வடிவமைப்பு. சென்ட்ரல்போல முட்டு ஸ்டேஷன் இல்லை, தண்டவாளம் கடற்கரைப் பக்கம் தொடர்ந்து போகிறது. அதனால் மேம்பாலம் ஏறாமல் தப்ப முடியாது. முன்வாசல் காந்தி இர்வின் சாலையில், பின்வாசல் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம். லோக்கல் பிளாட்பாரங்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே லோக்கலில் வந்து எக்ஸ்பிரஸ் பிடிப்பவர்கள் ஸ்டேஷனைக் குறுக்கே கடக்க வேண்டும். மறுசீரமைப்பு வேலையால் நுழைவாயில்களும் வண்டி நிறுத்துமிடமும் இடம் மாறுகின்றன. போன தடவை வந்த வழி இந்தத் தடவை அடைத்திருக்கலாம். வண்டிக்கு முக்கால் மணி நேரம் முன்பு வளாகத்துக்குள் இருந்துவிடுங்கள்.

தாம்பரம் இப்போது மூன்றாவது முனையம். ராமேஸ்வரத்துக்குப் புதிய பாம்பன் பாலம் வழியாக 2025 ஏப்ரலில் தொடங்கிய எக்ஸ்பிரஸ், செங்கோட்டை போகும் ஒரு எக்ஸ்பிரஸ், நாகர்கோவில் போகும் அந்த்யோதயா இங்கிருந்து கிளம்புகின்றன. அந்த்யோதயாவில் எல்லாப் பெட்டியும் முன்பதிவில்லாதவை. கடைசி நேரத்தில் தெற்கே போக வேண்டியவர்களுக்கு அது கைகொடுக்கும், முன்கூட்டியே வந்து இடம்பிடிக்க வேண்டும்.

வேளச்சேரி, குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம்காரர்கள் எழும்பூரில் ஏறவே வேண்டாம். தெற்கு வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும், சில மாம்பலத்திலும் நிற்கும். ஆனால் எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டுத் தாம்பரத்தில் போய் நிற்காதீர்கள். டிக்கெட் பரிசோதகர் கையில் இப்போது இருப்பது கையடக்கக் கருவி. எழும்பூரில் ஆள் வரவில்லை என்று அதில் பதிந்துவிட்டால், உங்கள் படுக்கை ஆர்.ஏ.சி.யில், அதாவது உட்கார மட்டும் இடம் கிடைத்துப் படுக்கைக்குக் காத்திருக்கும் ஒருவருக்குப் போய்விடும். ஐ.ஆர்.சி.டி.சி.யில் உங்கள் டிக்கெட்டைத் திறந்து, ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று மாற்றிவிடுங்கள். சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல், போடுவதற்கு முன் செய்ய வேண்டும். மாற்றியபின் எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மாறுவது

பெங்களூரிலிருந்து வந்து மதுரை வண்டி பிடிப்பவர்கள் தினமும் செய்கிற காரியம் இது. தூரம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். மூன்று வழிகள் இருக்கின்றன.

மெட்ரோதான் மூன்றிலும் நம்பகமானது. சென்ட்ரல் மெட்ரோ ஸ்டேஷன் பூமிக்கடியில், முன்வாசலை ஒட்டியே இருக்கிறது. பச்சை வழித்தடத்தில் அடுத்த நிறுத்தமே எழும்பூர். சென்ட்ரலில் நீல வழித்தடமும் குறுக்கிடுகிறது. விமான நிலையப் பலகையைப் பார்த்து நீலத்தில் ஏறிவிட்டால் எழும்பூர் வராது. பரங்கிமலை போகும் பச்சை வண்டி என்று உறுதி செய்துகொண்டு ஏறுங்கள்.

இரண்டாவது, பார்க் ஸ்டேஷன். சென்ட்ரலுக்கு எதிரே, சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்தால் ‘சென்னை பூங்கா’ என்ற பலகை. அங்கிருந்து தாம்பரம் போகும் லோக்கலில் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். ஐந்து ரூபாய் டிக்கெட். பக்கத்திலேயே ‘பூங்கா நகர்’ என்று இன்னொரு ஸ்டேஷன் இருக்கிறது. அது பறக்கும் ரயிலுடையது, எழும்பூருக்குப் போகாது. காலை எட்டு முதல் பத்தரை வரையும் மாலை ஐந்து முதல் எட்டு வரையும் பெரிய பெட்டிகளோடு லோக்கலில் ஏற முயல்வது உங்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம்.

மூன்றாவது, ஆட்டோ. குடும்பமாக, ஐந்தாறு பையோடு வந்தால் இதுவே சரி. சென்ட்ரலில் ப்ரீபெய்டு கவுன்டர் இருக்கிறது.

இரண்டு வண்டிக்கும் நடுவே குறைந்தது இரண்டரை மணி நேரம் வைத்து டிக்கெட் போடுங்கள். பேசின் பிரிட்ஜில் நிற்கிற நேரத்தையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு இது. டிக்கெட் எடுக்கும்போது ஐ.ஆர்.சி.டி.சி.யில் இரண்டு டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்களையும் இணைத்துப் பதியும் வசதி உண்டு. அப்படி இணைத்திருந்து, முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது வண்டி போய்விட்டால், பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். இணைக்காவிட்டால் அது இரண்டு தனிப் பயணம், ரயில்வேக்கு உங்கள் தாமதம் பற்றிக் கவலை இல்லை.

லோக்கல் டிக்கெட்டில் அபராதம் வாங்காமல் இருக்க

மின்சார ரயில் சென்னைக்குப் பழைய பழக்கம். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. இன்றும் நகரத்தில் இதைவிட மலிவான பயணம் கிடையாது. குறைந்த கட்டணம் 5 ரூபாய். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதே நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் காரில் போனால் எங்கே இருப்பீர்கள் என்று சொல்வதற்கில்லை.

டிக்கெட்டுக்கு மூன்று வழி: கவுன்டர், தானியங்கி இயந்திரம், செல்போன். யூ.டி.எஸ். செயலி செய்துவந்த வேலையை இப்போது ரயில்ஒன் செயலி செய்கிறது. செல்போன் டிக்கெட்டில்தான் தவறுகள் அதிகம். காகிதமில்லா டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு எடுக்க முடியாது. ஜி.பி.எஸ். பார்த்து மறுத்துவிடும். பரிசோதகரைப் பார்த்தபின் டிக்கெட் எடுப்பதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. ஸ்டேஷனுக்கு வெளியே, சாலையில் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். உள்ளே வந்துவிட்டால், சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எடுக்கும் வழி இருக்கிறது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோ, வாட்ஸ்அப்பில் வந்த படமோ செல்லாது. எந்த போனில் எடுத்தீர்களோ அந்த போனில், செயலியில் ‘டிக்கெட்டைக் காட்டு’ என்பதை அழுத்தித்தான் காட்ட வேண்டும். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் டிக்கெட் இல்லாதவர்தான். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

தினமும் போய்வருகிறவர்கள் மாத சீசன் எடுப்பதுதான் லாபம். சீசனோடு, அதில் எண் குறித்திருக்கும் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். வழியனுப்ப வருகிறவர்கள் பிளாட்பாரம் டிக்கெட் எடுக்க வேண்டும். அது இரண்டு மணி நேரம் செல்லும்.

பெட்டியைப் பார்த்து ஏறுங்கள். முதல் வகுப்புப் பெட்டி வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட சாதாரணப் பெட்டிபோலத்தான் இருக்கும். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று சாதாரண டிக்கெட்டில் ஏறினால், பரிசோதகர் அங்கேதான் இருப்பார். மகளிர் பெட்டிக்கும் அதே கதை. 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை–செங்கல்பட்டு பாதையில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. அதற்குத் தனிக் கட்டணம், சாதாரண டிக்கெட்டும் சாதாரண சீசனும் செல்லாது.

பலகையில் ஃபாஸ்ட் என்று போட்ட வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. சேத்துப்பட்டோ பழவந்தாங்கலோ போக வேண்டியவர்கள் ஸ்லோ வண்டிக்குக் காத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, வண்டிகள் குறைவு. பராமரிப்பு வேலையும் பெரும்பாலும் அன்றைக்குத்தான். ஞாயிறு மாலை எழும்பூர் எக்ஸ்பிரஸைப் பிடிக்க லோக்கலை நம்பிக் கிளம்புகிறவர்கள் கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துக்கு இறங்க வேண்டிய இடம் திரிசூலம். விமான நிலையம் இருக்கும் ஊர் மீனம்பாக்கம் என்று பேர்பெற்றதால் பலர் மீனம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து முனையம் எட்டாத தூரம். திரிசூலத்தில் இறங்கினால் எதிரே ஜி.எஸ்.டி. சாலை, அதைத் தாண்டினால் விமான நிலையம்.

மாம்பலத்தில் இறங்கித் தி.நகர் பஸ் நிலையம் போகிறவர்களுக்கு ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தவேண்டிய அவசியம் இப்போது இல்லை. 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை ஸ்டேஷனிலிருந்து நேராகப் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடும்.

கடலையும் பழைய ஊரையும் பார்க்க எங்கே இறங்குவது

வெளியூர்க்காரர்கள் ஏமாறும் முதல் இடம் ‘சென்னை கடற்கரை’ ஸ்டேஷன். அங்கே இறங்கினால் மணல் இல்லை, சுண்டல் இல்லை. எதிரே ராஜாஜி சாலை, அதற்கப்பால் துறைமுக மதில். ஒரு காலத்தில் அலை அந்தச் சாலை வரை வந்தது, ஃபர்ஸ்ட் லைன் பீச் என்பது அந்தச் சாலையின் பழைய பெயர். துறைமுகம் கட்டியபின் கடல் தள்ளிப்போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. ஆனாலும் பழைய மதராஸைப் பார்க்க அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பர்மா பஜார், தலைமைத் தபால் நிலையம், பாரிமுனை எல்லாம் நடை தூரம். உயர் நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 1977-ல் மெரினா கலங்கரை விளக்கம் வரும்வரை கப்பல்களுக்கு விளக்குக் காட்டியது அதுதான். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அடுத்த ஸ்டேஷனான கோட்டையில் இறங்கலாம்.

மெரினாவுக்குப் போக வேண்டுமென்றால் கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில். சேப்பாக்கம் அல்லது திருவல்லிக்கேணியில் இறங்கிக் கிழக்கே பத்து நிமிஷம் நடந்தால் மணல். பார்த்தசாரதி கோயிலுக்கும் திருவல்லிக்கேணிதான். ‘கலங்கரை விளக்கம்’ என்ற ஸ்டேஷனில் இறங்கினால் விளக்கம் கண்ணெதிரே நிற்காது, கால் மணி நேரம் நடக்க வேண்டும். கபாலீசுவரர் கோயிலுக்கும் லஸ்ஸுக்கும் திருமயிலை. மருந்தீசுவரர் கோயிலுக்குத் திருவான்மியூரில் இறங்கி ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும்.

பறக்கும் ரயில் என்பது தெற்கு ரயில்வேயின் வண்டிதான். லோக்கலுக்கு எடுத்த ஒரே டிக்கெட்டில் கோட்டையிலோ பார்க்கிலோ இறங்கி இதற்கு மாறலாம். மெட்ரோ டிக்கெட் தனி. 1995-ல் சேப்பாக்கம் வரை தொடங்கி, 2007-ல்தான் வேளச்சேரியைத் தொட்டது. நான்காவது பாதை வேலைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே 2023 ஆகஸ்டில் நிறுத்திய சேவை, 2024 அக்டோபரில் மீண்டும் வந்துவிட்டது. பழைய வலைப்பதிவுகளில் ‘சிந்தாதிரிப்பேட்டையிலிருந்துதான் வண்டி’ என்று படித்தால் பொருட்படுத்த வேண்டாம். பகலில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி உயரத்தில் போவது அருமையான பயணம். ஸ்டேஷன் கட்டடங்கள்தான் ஊருக்குச் சம்பந்தமில்லாத பிரம்மாண்டம்: ஆள் நடமாட்டம் குறைவு, படிகள் அதிகம், நகரும் படிகள் ஓடும் நாளில் ஓடும். இரவு ஒன்பதுக்கு மேல் தனியாகப் போகிறவர்கள் பஸ்ஸையோ ஆட்டோவையோ பார்ப்பது நல்லது.

ரயில் ஆர்வலர்கள் ராயபுரத்தைத் தவறவிடக் கூடாது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். தூண் வரிசையோடு நிற்கும் அந்தக் கட்டடம், இந்தியாவில் மிஞ்சியிருப்பவற்றிலேயே மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம். கடற்கரைக்கு வடக்கே அடுத்த நிறுத்தம், ஆனால் வண்டி குறைவு. நேரம் பார்த்துப் போங்கள்.

முன்பதிவு: நாள் கணக்கும் நிமிஷக் கணக்கும்

முன்பதிவு பயண நாளை விட்டு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கலுக்கு ஜனவரி 13-ல் ஊருக்குப் போக வேண்டுமென்றால் நவம்பர் 14 காலை 8 மணி. நெல்லை, மதுரை வண்டிகளில் பண்டிகை நாள் இடங்கள் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும் என்பதால், பயணிகள் பெயரை ‘மாஸ்டர் லிஸ்ட்’டில் முன்பே ஏற்றி வையுங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கை ஆதாரோடு இணைத்துச் சரிபார்க்காதவர்கள் திறந்த உடனே உள்ளே போக முடியாது. தட்காலுக்கும் ஆதார் கட்டாயம். தட்கால் முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

வெயிட்டிங் லிஸ்ட்டில் எண்ணை மட்டும் பார்க்காமல் வகையையும் பாருங்கள். ஜி.என். என்று தொடங்கும் பட்டியல் வேகமாக நகரும், பி.க்யூ. என்று தொடங்குவது நகர்வது அரிது. மதுரைக்கு மதுரையோடு முடிகிற பாண்டியனில் எடுத்தால் முதல் வகை கிடைக்கும். கன்னியாகுமரி வரை போகும் வண்டியில் நடுவில் இறங்குகிறவர்களுக்கு இரண்டாவது வகை வர வாய்ப்பு அதிகம். சார்ட் போட்டபிறகும் வெயிட்டிங்கிலேயே இருக்கும் ஆன்லைன் டிக்கெட் தானே ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறினால் இறக்கிவிடுவார்கள். நான்கு மணி நேரம் முன்னால் சார்ட் என்ற பழைய கணக்கும் போய்விட்டது. இப்போது அதைவிட வெகு முன்னதாகவே போடுகிறார்கள். சார்ட்டுக்குப் பிறகு மிஞ்சும் இடங்கள் கரண்ட் புக்கிங்கில் வரும், கிளம்பும் நாளில் ஒருமுறை பார்ப்பதில் நஷ்டமில்லை.

சாமான் விஷயம் சுருக்கமாக: ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் தலைக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏசிக்கு 50 கிலோ இலவசம். க்ளோக் ரூமில் வைக்க டிக்கெட் வேண்டும், பைக்குப் பூட்டும் வேண்டும். ஜிப்பை இழுத்துமட்டும் மூடிய பையை வாங்க மாட்டார்கள். ஒரு சின்னப் பூட்டைக் கையோடு வைத்திருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்ட்ரல் வண்டிகளுக்கு ஒரு தனி ஆபத்து. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14-ம் எண் பாலம் இருக்கிறது. அதன் கீழே தண்ணீர் அபாய அளவைத் தாண்டினால் அதன்மேல் வண்டி விட மாட்டார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இதுதான் நடந்தது. அப்போது சென்ட்ரலிலிருந்து கிளம்ப வேண்டிய வண்டிகள் சில ரத்தாகும், சில ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் போன்ற இடங்களிலிருந்து கிளம்பும். வருகிற வண்டிகளும் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் ‘14-ம் எண் பாலம்’ என்ற சொல் செய்தியில் அடிபடுகிறதா என்று பாருங்கள். அடிபட்டால், சென்ட்ரலுக்குக் கிளம்பும் முன் எங்கிருந்து வண்டி என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டியையே ரத்து செய்துவிட்டால் ஆன்லைன் டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகத் திரும்பும், எதுவும் செய்ய வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யவில்லை என்றால், வண்டி உங்கள் ஸ்டேஷனிலிருந்து உண்மையில் கிளம்புவதற்கு முன்பே ஐ.ஆர்.சி.டி.சி.யில் டி.டி.ஆர். என்ற, பணம் திரும்பக் கேட்கும் மனுவைப் பதிய வேண்டும். வண்டி கிளம்பியபின் பதிந்தால் அந்தப் பணம் வராது. கவுன்டரில் எடுத்த டிக்கெட் என்றால் கவுன்டருக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.